விழுப்புரம் – அரியலூர் – திருச்சிராப்பள்ளி நாண்பாதையும் அதன் மின்மயமாக்கலும்: ரஞ்சன்குடி வட்டார நோக்கில் ஒரு வரலாற்று ஆய்வு

ஆய்வுச்சுருக்கம்

தென்னிந்தியாவில் மின்சார ரயில் 1931ஆம் ஆண்டு சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே ஓடத் தொடங்கியது. 1960களின் நடுப்பகுதியில் மின்கம்பி விழுப்புரத்தை எட்டியது. அங்கிருந்து அரியலூரைக் கடந்து திருச்சிராப்பள்ளியைச் சேர அதற்கு மேலும் ஏறத்தாழ 45 ஆண்டுகள் தேவைப்பட்டன. இந்த நீண்ட தேக்கத்துக்கு மின்சாரப் பற்றாக்குறையைவிடப் பாதையின் அகலம் குறித்த தயக்கமே முதன்மைக் காரணம் என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. நாண்பாதையின் தோற்றம், 1953ஆம் ஆண்டின் கல்லக்குடிப் போராட்டம், 1956ஆம் ஆண்டின் மருதையாற்று விபத்து, அகலப்பாதை மாற்றம், மின்மயமாக்கல் ஆகியவை ஒரே தொடர்ச்சியாக இங்கு நோக்கப்படுகின்றன. பழைய படைவழியில் அமைந்த ரஞ்சன்குடியும் பெரம்பலூரும் இருப்புப்பாதைக்கு வெளியே நின்றுபோன நிலையும் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: நாண்பாதை, மின்மயமாக்கல், மீட்டர் பாதை, அரியலூர், மருதையாறு, ரஞ்சன்குடி, தென்னிந்திய ரயில்வே.

முன்னுரை

பெரம்பலூருக்கு வடக்கே ஏறத்தாழ 17 கி.மீ. தொலைவில், சென்னை–திருச்சி நெடுஞ்சாலையின் ஓரத்தில் ரஞ்சன்குடிக் கோட்டை நிற்கிறது. செதுக்கிய கருங்கற்களாலான மதில், அரைவட்டக் கொத்தளங்கள், அகழி, ஒன்றினுள் ஒன்றாக உயர்ந்து செல்லும் அரண்கள் என அதன் அமைப்பு முழுவதும் ஒரு வழியைக் காவல் காப்பதற்கென்றே உருவானது. வடக்கிலிருந்து திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் படைகள் ரஞ்சன்குடி, வாலிகண்டபுரம், ஊட்டத்தூர் என்னும் வரிசையில்தான் இறங்கின. 1751இல் வாலிகண்டபுரத்தை ஒட்டி நிகழ்ந்த போரில் முகமது அலிக்குத் துணைநின்ற ஆங்கிலேயப் படை, சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரரும் சேர்ந்த அணியிடம் பின்வாங்கியபோதும் ஊட்டத்தூர் வழியாகவே திருச்சிக்குச் சென்றது. வழியைக் கைக்கொண்டவர் நாட்டைக் கைக்கொள்வார் என்ற நிலை அன்று இருந்தது.

ஆனால் இருப்புப்பாதை இவ்வழியே வரவில்லை. அது கிழக்கே விலகி, விருத்தாசலம், பெண்ணாடம், செந்துறை, அரியலூர் என்று வேறொரு கோட்டைப் பிடித்தது. இன்றும் பெரம்பலூர் மாவட்டம் ரயில்பாதை இல்லாத மாவட்டமாகவே உள்ளது. ஒரே வட்டாரத்தின் இரு பகுதிகள், ஒன்று மின்கம்பிக்கு அடியிலும் மற்றொன்று நெடுஞ்சாலையின் ஓரத்திலும் வளர்ந்த கதையை அறிய, நாண்பாதையின் வரலாற்றையும் அதன் மீது மின்சாரம் வந்த வரலாற்றையும் சேர்த்தே நோக்க வேண்டியுள்ளது. தமிழில் ரயில் வரலாறு பெரும்பாலும் ராயபுரத்திலும் பாம்பனிலும் நீலகிரியிலும் நின்றுவிடுகிறது. நாள்தோறும் தென்மாவட்டங்களின் பயணிகளைச் சுமக்கும் இப்பாதை அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை.

வில்லும் நாணும்: பாதையின் தோற்றம்

தென்னிந்தியாவின் தொடக்ககால இருப்புப்பாதைகள் துறைமுகங்களிலிருந்து உள்நாட்டுக்குச் சென்றவை. நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் வழியாகத் திருச்சிராப்பள்ளிக்கு அமைக்கப்பட்ட பாதை 1860களின் தொடக்கத்திலேயே பயன்பாட்டுக்கு வந்தது. அகலப்பாதையாக இடப்பட்ட அது, 1870களில் மீட்டர் பாதையாக மாற்றப்பட்டது. 1874இல் தென்னிந்திய ரயில்வே கம்பெனி உருவான பின், சென்னையிலிருந்து தெற்கே வந்த பாதை விழுப்புரம், கடலூர், மாயவரம், கும்பகோணம், தஞ்சாவூர் வழியாகத் திருச்சியை அடைந்தது. நெல்லும் மக்களும் நிறைந்த காவிரிப் படுகையைத் தொட்டுச் செல்வது கம்பெனிக்கு வருவாய் தந்தது. ஆனால் சென்னையிலிருந்து மதுரைக்கோ தூத்துக்குடிக்கோ செல்பவர் ஒரு பெரிய வளைவைச் சுற்றியே செல்ல வேண்டியிருந்தது.

இவ்வளைவை வில்லாகக் கொண்டால், விழுப்புரத்தையும் திருச்சியையும் நேராக இணைக்கும் கோடு அதன் நாண் ஆகும். 'கார்டு லைன்' என்ற ஆங்கிலப் பெயரின் பொருளும் இதுவே. பழைய பாதை 'மெயின் லைன்' என்றும் புதிய பாதை 'கார்டு லைன்' என்றும் இன்றளவும் பயணிகளின் பேச்சில் வழங்குகின்றன. முதன்மைப் போக்குவரத்து முழுவதும் நாண்பாதைக்கு மாறி நெடுங்காலம் ஆகிவிட்ட பின்னரும், காவிரிப் படுகைப் பாதைக்கு 'மெயின் லைன்' என்ற பெயர் நிலைத்திருப்பது, பெயர்கள் நடப்பைவிட நீண்டு வாழ்கின்றன என்பதற்கு நல்ல சான்று.

நாண்பாதை 1927க்கும் 1929க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் பகுதி பகுதியாகத் திறக்கப்பட்டது. விழுப்புரத்திலிருந்து திருச்சி வரை இதன் நீளம் ஏறத்தாழ 178 கி.மீ. பழைய வழியோடு ஒப்பிட 60 கி.மீ.க்கு மேல் குறைவு. வெள்ளாறு, மருதையாறு, கொள்ளிடம், காவிரி ஆகிய ஆறுகளை இப்பாதை கடக்கிறது.

இதே ஆண்டுகளில் கம்பெனியின் மையமே கடற்கரையிலிருந்து உள்நாட்டுக்கு நகர்ந்துகொண்டிருந்தது என்பதை நாண்பாதையோடு சேர்த்து நோக்குதல் வேண்டும். நாகப்பட்டினத்தில் இயங்கிய பெரிய தொழிற்கூடம் திருச்சியை அடுத்த பொன்மலைக்கு மாற்றப்பட்டு, 1928இல் புதிய தொழிற்கூடம் செயற்பட்டது. தொழிற்கூடங்களை ஓரிடத்தில் குவிக்கும் திட்டத்தின் விளைவாக மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வேலையிழக்கும் நிலை தோன்றியது. அதனை எதிர்த்து 1928 ஜூலையில் தென்னிந்திய ரயில்வேத் தொழிலாளர் வேலைநிறுத்தம் வெடித்தது. ம. சிங்காரவேலர், முகுந்தலால் சர்க்கார் ஆகியோர் அதன் முன்னணியில் நின்று சிறை சென்றனர். புதிய நேர்ப்பாதையும் புதிய தொழிற்கூடமும் கம்பெனிக்கு நேரத்தையும் செலவையும் மிச்சப்படுத்தின. அந்த மிச்சத்தின் சுமை நாகப்பட்டினத் தொழிலாளர் குடும்பங்களின் மேல் விழுந்தது.

ரஞ்சன்குடி வழி ஏன் தெரிவு செய்யப்படவில்லை என்ற வினாவுக்கு நிலவியலே பெருமளவு விடை தருகிறது. விழுப்புரத்தையும் கொள்ளிடக் கரையிலுள்ள லால்குடியையும் இணைக்கும் நேர்கோடு அரியலூரை ஒட்டியே விழுகிறது. மேற்கே விலகினால் பச்சைமலையின் அடிவாரத்து மேட்டு நிலமும் அதனால் ஏற்றஇறக்கமும் நீளமும் கூடும். குறுக்கு வழி அமைப்பதே நோக்கமான ஒரு திட்டத்தில் வளைந்து செல்வதற்கு இடமில்லை. மேலும், ஏற்கெனவே நல்ல சாலை உள்ள வழியில் பாதை இடுவதைவிட, சாலை வளம் குன்றிய பகுதியில் இடுவது போட்டியைத் தவிர்க்கும் என்ற கணக்கும் ரயில்வே நிறுவனங்களுக்கு உண்டு. இக்கணக்கு நாண்பாதையில் எவ்வளவு இடம்பெற்றது என்பது கருதுகோள் அளவிலேயே நிற்கத்தக்கது.

சுண்ணாம்புக்கல்லும் ரயில் நிலையமும்

நாண்பாதை சென்ற நிலம் உழவுக்கு வளமற்றதாயினும் மண்ணுக்குக் கீழே வேறு வளம் கொண்டது. எச்.எஃப். பிளான்ஃபோர்டு 1862இல் வெளியிட்ட நிலவியல் ஆய்வில் இவ்வட்டாரத்தின் கிரெட்டேசியப் படிவுகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்னும் மூன்று தொகுதிகளாகப் பகுத்தார். கடல் உயிரிகளின் புதைபடிவங்கள் மிகுந்த இப்பகுதியிலேயே, பெரம்பலூர் மாவட்டச் சாத்தனூரில், 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம் 1940இல் எம்.எஸ். கிருஷ்ணனால் கண்டறியப்பட்டது. கடலடியில் படிந்த அச்சுண்ணாம்புப் படிவுகள்தாம் பின்னாளில் சிமெண்டாயின.

பாதை திறந்த பத்தாண்டுகளில், 1939இல், கல்லக்குடியில் டால்மியா சிமெண்ட் ஆலை தோன்றியது. ஆலையை ஒட்டிய நிலையத்துக்கும் ஊருக்கும் டால்மியாபுரம் என்ற பெயர் வழங்கலாயிற்று. வடநாட்டு முதலாளியின் பெயர் தமிழ்நாட்டு ஊரின் பெயரை அகற்றியதை எதிர்த்து, திராவிட முன்னேற்றக் கழகம் 1953 ஜூலையில் நடத்திய மும்முனைப் போராட்டத்தின் ஒரு முனையாகக் கல்லக்குடி அமைந்தது. ஜூலை 15 அன்று மு. கருணாநிதியும் தொண்டர்களும் நிலையப் பெயர்ப்பலகையில் கல்லக்குடி என்ற பெயரை ஒட்டித் தண்டவாளத்தில் படுத்து மறியல் செய்தனர். தொடர்ந்த துப்பாக்கிச் சூட்டில் உயிரிழப்பும் நேர்ந்தது. பின்னர் தி.மு.க. ஆட்சிக் காலத்தில் நிலையம் 'கல்லக்குடி பழங்காநத்தம்' என்ற பெயரைப் பெற்றது.

சிற்றூர் ஒன்றின் பெயர் மாநில அளவிலான சிக்கலாக மாறியதற்கு இருப்புப்பாதையே காரணம் என்பது இங்குக் கருதத்தக்கது. சென்னைக்கும் தென்மாவட்டங்களுக்கும் இடையே செல்லும் விரைவு வண்டிகள் பலவும் அந்தப் பலகையைக் கடந்தே சென்றன. ஊராட்சி அலுவலகத்தின் பெயர்ப்பலகையாக இருந்திருப்பின் அதனைச் சில நூறு பேர் பார்த்திருப்பர். நிலையப் பலகையை நாடே படித்தது. போராட்டக்காரர்கள் களத்தைத் தெரிவு செய்ததில் இந்த அறிவு வெளிப்படுகிறது.

1956: மருதையாறு

தமிழக ரயில் வரலாற்றில் அரியலூர் என்ற பெயர் பதிந்தது 1956 நவம்பர் 23ஆம் நாள் விடியற்காலையில். முன்னிரவு சென்னையிலிருந்து புறப்பட்ட தூத்துக்குடி விரைவு வண்டி, அரியலூரைக் கடந்து மருதையாற்றுப் பாலத்தை நெருங்கியபோது, கனமழையால் ஆற்றில் வெள்ளம் கரைபுரண்டு, பாலத்தின் பிடிமானம் அரிக்கப்பட்டிருந்தது. நீராவி எஞ்சினும் அதனை அடுத்த பெட்டிகளும் ஆற்றில் வீழ்ந்தன. 140க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இறந்தோர் எண்ணிக்கை நூல்களிலும் இதழ்களிலும் வேறுபட்டே காணப்படுகிறது. வெள்ளம் அடித்துச் சென்ற உடல்கள் எத்தனை என்பதைத் துல்லியமாகக் கணக்கிட இயலாத சூழலில் இவ்வேறுபாடு வியப்பன்று.

மருதையாறு ஆண்டின் பெரும்பகுதியில் மணல் மட்டுமே கிடக்கும் காட்டாறு. பச்சைமலைப் பகுதியில் தோன்றிப் பெரம்பலூர் மேட்டு நிலத்தின் ஓடைகளைச் சேர்த்துக்கொண்டு கிழக்கே இறங்கிக் கொள்ளிடத்தில் கலக்கிறது. மேலே பெய்யும் மழை சில மணி நேரத்தில் கீழே வெள்ளமாகிறது. இத்தகைய ஆறுகளில் பாலத்தின் வலிமை தூண்களைக் காட்டிலும், தூண்களையும் கரையையும் சுற்றியுள்ள மண் அரிபடாமல் இருப்பதைப் பொறுத்தது. மண் அரிக்கப்பட்ட பின்னும் தண்டவாளம் வெளிப்பார்வைக்கு ஒழுங்காகவே தொங்கிக்கொண்டிருக்கக்கூடும்; இருளில் வரும் ஓட்டுநருக்கு அது தெரிய வழியில்லை. மேற்பகுதியில் பெய்த மழையின் அளவைக் கீழ்ப்பகுதி நிலையத்துக்கு உடனே அறிவிக்கும் ஏற்பாடும், மழைக்காலத்தில் பாலங்களில் நின்று நீர்மட்டத்தைக் கவனிக்கும் காவலர் முறையும் எவ்வளவு இன்றியமையாதவை என்பதை இவ்விபத்து உணர்த்தியது. ரயில் வராத பெரம்பலூர்ப் பகுதியின் மழையே ரயில்பாதையின் பாதுகாப்பைத் தீர்மானிக்கிறது என்ற உண்மை, வட்டார வரலாற்றை மாவட்ட எல்லைகளுக்குள் அடைத்து எழுதுவதன் குறையைக் காட்டுகிறது.

அரசியல் விளைவு நன்கு அறியப்பட்டது. அதே ஆண்டில் சில மாதங்களுக்கு முன் மகபூப்நகரில் பாலம் இடிந்து நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தபோது, ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலக முன்வந்தார். பிரதமர் நேரு ஏற்கவில்லை. அரியலூருக்குப் பின் அவர் மீண்டும் விலகல் கடிதம் அளித்தார், இம்முறை ஏற்கப்பட்டது. அமைச்சரின் பொறுப்பேற்புக்கு இந்தியாவில் சுட்டப்படும் முதன்மையான எடுத்துக்காட்டாக அது நிலைத்தது. தமிழகத்தில் அதன் எதிரொலி வேறு வகையாக இருந்தது. ரயில்வேத் துணையமைச்சராக இருந்த ஓ.வி. அழகேசனைக் குறிவைத்து அரியலூர் விபத்தை எதுகையோடு இணைத்த முழக்கம் 1957 பொதுத்தேர்தலில் பரவலாக ஒலித்தது. அத்தேர்தலில் அவர் தோல்வியுற்றார். விபத்தால் அரியலூர் ஒரு மேற்கோளாகியது. ஆனால் மேற்கோள் காட்டுவோர் பலரும் அவ்வூரின் பாலத்தையோ ஆற்றையோ மாண்டவர்களையோ பேசுவதில்லை. விபத்து நிகழ்ந்து 51 ஆண்டுகளுக்குப் பின் அரியலூர் மீண்டும் தனி மாவட்டமாகச் செயற்படத் தொடங்கிய நாளும் நவம்பர் 23 (2007) என்பது தற்செயலான ஒற்றுமையே.

மின்கம்பி விழுப்புரத்தில் நின்றது ஏன்?

இந்தியாவின் முதல் மின்சார ரயில் 1925 பிப்ரவரி 3 அன்று பம்பாய் விக்டோரியா முனையத்துக்கும் குர்லாவுக்கும் இடையே ஓடியது. ஆறு ஆண்டுகளுக்குப் பின், 1931இல், தென்னிந்திய ரயில்வே சென்னைக் கடற்கரை–தாம்பரம் மீட்டர் பாதையை மின்மயமாக்கியது. இரண்டு இடங்களிலும் பயன்பட்டது 1,500 வோல்ட் நேர்மின்னோட்டமே. புறநகர்களில் குடியேற்றம் பெருகிய காலத்தில், அடிக்கடி நின்று புறப்படும் வண்டிகளுக்கு நீராவியைவிட மின்சாரம் ஏற்றதாக இருந்தது.

நேர்மின்னோட்ட முறை நகரத்துக்கு ஏற்றது, நெடும்பாதைக்கு ஏற்றதன்று. காரணம் எளிய கணக்கு. 2,000 கிலோவாட் ஆற்றலை 1,500 வோல்ட்டில் ஓர் எஞ்சினுக்கு வழங்க 1,300 ஆம்பியருக்கு மேல் மின்னோட்டம் தேவை. அதே ஆற்றலை 25,000 வோல்ட்டில் வழங்க 80 ஆம்பியர் போதும். மின்னோட்டம் மிகுந்தால் கம்பி தடிக்க வேண்டும். கம்பியில் ஏற்படும் இழப்பு கூடும். ஆகவே சில கிலோமீட்டருக்கு ஒரு துணைமின்நிலையம் வேண்டும். 25,000 வோல்ட் மாறுமின்னோட்ட முறையில் 50 கி.மீ. அளவிலான இடைவெளியில் துணைமின்நிலையங்கள் இருந்தால் போதும். பிரெஞ்சு ரயில்வேயின் பட்டறிவை ஒட்டி இந்திய ரயில்வே 1957இல் இம்முறையைத் தன் பொதுநெறியாக ஏற்றது. விழுப்புரம்–திருச்சி போன்று பெருநகரமற்ற நெடும்பகுதியில் மின்சார ரயில் பொருளாதார அளவில் சாத்தியமானது இந்த முடிவுக்குப் பின்னரே.

அம்முடிவின் விளைவாக 1960களின் நடுப்பகுதியில் தாம்பரம்–விழுப்புரம் மீட்டர் பாதை 25,000 வோல்ட் முறையில் மின்மயமாயிற்று. கடற்கரை–தாம்பரம் பகுதியும் 1967இல் இம்முறைக்கு மாற்றப்பட்டது. இதற்கென ஜப்பானில் கட்டப்பட்ட ஒய்.ஏ.எம்-1 வகை எஞ்சின்கள் வந்தன. இந்தியாவில் மின்மயமான மீட்டர் பாதை இது ஒன்றே. சென்னையிலிருந்து புறப்பட்ட பாதை கடலூர், விருத்தாசலம், புதுச்சேரி, காட்பாடி எனப் பல திசைகளில் பிரியும் சந்திப்பாக விழுப்புரம் இருந்தமையால், மின்பகுதியின் எல்லையாக அது அமைந்தது இயல்பே. மின்சார எஞ்சினைக் கழற்றி, நீராவி அல்லது டீசல் எஞ்சினைப் பூட்டும் வேலை அங்கு நாள்தோறும் நடந்தது.

அடுத்த கட்டமாக நாண்பாதை மின்மயமாகியிருக்க வேண்டும். மின்சாரம் இல்லை என்று சொல்வதற்கில்லை. விருத்தாசலத்துக்கு அருகிலேயே நெய்வேலியில் 1960களின் தொடக்கத்தில் பழுப்பு நிலக்கரியிலிருந்து மின் உற்பத்தி தொடங்கிவிட்டது. தென்மாவட்டப் போக்குவரத்தும் பெருகிவந்தது: 1977 ஆகஸ்ட் 15 அன்று சென்னை–மதுரை வைகை விரைவு வண்டி அறிமுகமானது. ஆயினும் கம்பி விழுப்புரத்தைத் தாண்டவில்லை.

விடை தண்டவாளங்களின் இடைவெளியில் இருக்கிறது. மீட்டர் பாதைக்கென அமைக்கும் மின்சார எஞ்சின் அகலப்பாதையில் பயன்படாது. கம்பத்தின் இடைவெளி, கம்பியின் அமைவு, நிலையக் கூரைகள், பாலங்கள் அனைத்தும் பாதை அகலமாகும்போது மறுஆய்வுக்கு உள்ளாக வேண்டும். என்றேனும் அகலப்பாதையாக மாறக்கூடிய பாதையில் பெருமுதலீடு செய்ய எந்தத் திட்டக் குழுவும் முன்வராது; அதே வேளையில் அகலப்பாதை மாற்றத்துக்கும் நிதி ஒதுக்கப்படவில்லை. இரண்டும் ஒன்றையொன்று தடுத்தன. டீசல் எஞ்சின் இந்தத் தயக்கத்துக்கு வசதியான இடைவழியாகியது. பொன்மலைக் கொட்டடியின் ஒய்.டி.எம்-4 எஞ்சின்கள், ஏறத்தாழ 1,400 குதிரைத் திறனோடு, ஒரு தலைமுறைக் காலம் நாண்பாதையை நடத்தின. விழுப்புரம் மீட்டர் பாதைக்கெனத் தருவிக்கப்பட்ட ஜப்பானிய எஞ்சின்கள் பாதை மாற்றத்துக்குப் பின் பயனற்றுப்போனதை நோக்கும்போது, திட்டமிட்டோரின் தயக்கம் அடிப்படையற்றதன்று என்றே கொள்ளவேண்டும். ஆனால் அத்தயக்கத்தின் விலையைச் செலுத்தியவர்கள் நாண்பாதை மக்கள்.

அகலப்பாதை, அதன்பின் மின்பாதை

1992இல் தொடங்கிய ஒரே சீர்ப்பாதைத் திட்டம் இம்முடிச்சை அவிழ்த்தது. சென்னை–திருச்சி–திண்டுக்கல்–மதுரைப் பாதை அத்திட்டத்தில் இடம்பெற்று, 1990களின் இறுதியில் நாண்பாதை அகலமாயிற்று. சென்னைப் புறநகரில் மீட்டர் பாதை மின்வண்டிகள் மேலும் சில ஆண்டுகள் ஓடி, 2004 ஜூலை 1 அன்று விடைபெற்றன. அகலப்பாதையின் மேல் மின்கம்பி தெற்கு நோக்கி மீண்டும் நகர்ந்து, 2010ஆம் ஆண்டையொட்டி அரியலூர் வழியாகத் திருச்சியை எட்டியது. அடுத்த சில ஆண்டுகளில் மதுரைக்கும் அதற்குத் தெற்கேயும் சென்றது. 2010களின் பிற்பகுதியில் இரட்டைப் பாதையும் நிறைவுற்றது.

மின்மயமாக்கலின் பயன் வேகம் மட்டுமன்று. 1,400 குதிரைத் திறன் மீட்டர் பாதை டீசல் எஞ்சினின் இடத்தில் 5,000 குதிரைத் திறன் கொண்ட டபிள்யூ.ஏ.பி-4, அதன்பின் 6,000 குதிரைத் திறனைக் கடந்த டபிள்யூ.ஏ.பி-7 எஞ்சின்கள் வந்தபோது, ஒரே வண்டியில் 20 பெட்டிகளுக்கு மேல் இணைப்பது எளிதாயிற்று. விழுப்புரத்தில் எஞ்சின் மாற்றும் நேரம் மிஞ்சியது. நிலையத்தில் நின்று மீண்டும் வேகமெடுக்க ஆகும் நேரமும் குறைந்தது. இதுவே அரியலூர் போன்ற இடைநிலையங்களுக்கு முக்கியமானது. ஒரு நிறுத்தம் தருவதால் வண்டிக்கு ஏற்படும் இழப்பு குறையுமானால், நிறுத்தம் கேட்கும் ஊரின் வாதம் வலுப்பெறும் அல்லவா? வைகையும் பல்லவனும் அரியலூரில் நிற்கின்றன. எனினும் 2019இல் வந்த சென்னை–மதுரை தேஜஸும், 2023 செப்டம்பரில் தொடங்கிய சென்னை–திருநெல்வேலி வந்தே பாரத்தும் அங்கு நிற்பதில்லை. மின்சாரத்தால் கிடைத்த மிச்ச நேரம் இடைநிலையங்களுக்குப் பங்கிடப்படாமல் முனையங்களுக்கு இடையிலான நேரக்குறைப்புக்கே பெரிதும் சென்றுள்ளது. நாண்பாதை தோன்றிய நோக்கமும் அதுவே என்பதை மறுக்க இயலாது.

மின்கம்பி ஊர்களின் அன்றாட வாழ்விலும் மாற்றம் கொணர்ந்தது. கடவுப்பாதைகளின் இருபுறமும் உயரத் தடுப்புகள் நிறுவப்பட்டன. வைக்கோலும் கரும்பும் ஏற்றிய வண்டிகளின் சுமை உயரத்துக்கு வரம்பு வந்தது. கம்பியைத் தொடாவிட்டாலும் அதன் அருகில் சென்றாலே 25,000 வோல்ட் பாயும் என்ற எச்சரிக்கை நிலையங்களிலெல்லாம் எழுதப்பட்டது. பெட்டிக் கூரை மேல் ஏறுவோரும், நீண்ட தொரட்டியோடு பாதையைக் கடக்கும் ஆடு மேய்ப்போரும் புதிய ஆபத்தை அறிந்துகொள்ள வேண்டியிருந்தது. சரக்குப் போக்குவரத்தில் நிலை கலவையானது. அரியலூரைச் சுற்றி 1979இல் அரசு சிமெண்ட் ஆலையும், பின்னர்த் தனியார் ஆலைகள் பலவும் தோன்றிய பின்னும், சுரங்கத்திலிருந்து ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் செல்வது பெரும்பாலும் லாரிகளிலேயே. மின்கம்பி புகையைக் குறைத்தது. ஆலைச் சாலைகளின் புழுதியை அது தொடவில்லை.

பாதைக்கு வெளியே நின்ற வட்டாரம்

1995 நவம்பரில் திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தபோது அரியலூரும் அதனுள் இருந்தது; மாவட்டத்துக்கு ரயில் நிலையங்கள் இருந்தன. அரியலூர் 2001இல் தனி மாவட்டமாகி, 2002இல் மீண்டும் இணைந்து, 2007இல் இறுதியாகப் பிரிந்தது. நில எல்லை மாறியவுடன் பெரம்பலூர் ரயில் இல்லாத மாவட்டமாயிற்று. ஒரு தண்டவாளமும் பெயர்க்கப்படாமல், ஓர் ஆணையால் மட்டும் நிகழ்ந்த மாற்றம் அது. இதனால் மக்களின் பயணத்தில் எதுவும் மாறவில்லை என்று கூறலாம். பெரம்பலூரிலிருந்து ஏறத்தாழ 30 கி.மீ. கிழக்கே அரியலூர் நிலையத்துக்கு முன்பும் பேருந்தில்தான் சென்றனர், இன்றும் அப்படியே. ஆனால் கோரிக்கையின் தன்மை மாறியது. முன்பு அது ஒரு நகரின் கோரிக்கை; பின்னர் ஒரு மாவட்டத் தலைநகரின் கோரிக்கை. அரியலூர், பெரம்பலூர், துறையூர், நாமக்கல் வழியான புதிய பாதை வேண்டும் என்பது தேர்தல்தோறும் ஒலிக்கிறது.

அக்கோரிக்கை நிறைவேறாமைக்கு ரயில்வேயின் மதிப்பீட்டு முறையும் ஒரு காரணம். புதிய பாதைக்கு முதலீட்டின் மீதான வருவாய் விகிதம் கணக்கிடப்படுகிறது. பாதையே இல்லாத பகுதியில் வருங்காலப் போக்குவரத்தைச் சாலைப் போக்குவரத்திலிருந்தே ஊகிக்க வேண்டும். நான்கு வழியாக விரிவாக்கப்பட்ட நெடுஞ்சாலையில் பேருந்துகள் நிமிடத்துக்கொன்றாகச் செல்லும்போது, பயணிகள் ரயிலுக்கு மாறுவர் என்று காட்டுவது கடினம். செட்டிகுளம் வட்டாரத்துச் சின்ன வெங்காயமும், மக்காச்சோளமும், பருத்தியும் லாரியிலேயே சந்தைக்குச் செல்கின்றன; வயலிலிருந்து நேரே ஏற்றும் வசதியைச் சரக்கு வண்டி தருவதில்லை. ரஞ்சன்குடியை முக்கியமாக்கிய அதே சாலையே இன்று அவ்வட்டாரத்துக்கு ரயில் தேவையில்லை என்ற வாதத்துக்குச் சான்றாகிறது.

இப்பாதை குறித்த ஆய்வுக்கு நிறுவன ஆவணங்கள் கிடைக்கின்றன. தென்னிந்திய ரயில்வே 1944இல் அரசின் கைக்கு வந்ததும், 1951இல் தெற்கு ரயில்வே உருவானதும் ஆவணத் தொடர்ச்சியைப் பெரிதும் கெடுக்கவில்லை. கிடைக்காதவை வாய்மொழிச் சான்றுகள். 1956இல் மருதையாற்றுக் கரையில் உடல்களைத் தூக்கிய சிற்றூர் இளைஞர்களுள் உயிரோடு இருப்போர் இன்று எண்பதைக் கடந்தவர்கள். விழுப்புரத்தில் மீட்டர் பாதை மின்சார எஞ்சினைப் பூட்டிக் கழற்றிய பணியாளர்களின் தலைமுறையும் ஓய்வுபெற்றுவிட்டது. சில்லக்குடி, கல்லகம், ஓட்டக்கோவில் ஆகிய ஊர்களில் களப்பணி மேற்கொண்டு இவர்தம் நினைவுகளைப் பதிவு செய்தல் உடனடித் தேவையாகும். பெரம்பலூர்ப் பகுதியின் மருதையாற்றுக் கரையூர்களில் அந்த நவம்பர் மாதத்து மழை எவ்வாறு நினைவுகூரப்படுகிறது என்பதும் அதே களப்பணியில் கேட்கப்பட வேண்டிய வினாவாகும்.